நில் என்றால் நிற்குமா?

மன்றத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். சென்ற ஆண்டு மலரைப் புரட்டிப் பார்த்தேன். குறுந்தொகை பற்றி இரண்டு கட்டுரைகள், தில்லிக் குளிர் பற்றி மூன்று, வீட்டுச் சாப்பாட்டைப் பிரிந்த பிரிவாற்றாமை பற்றி ஒன்று. கணினியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மன்றத்து உறுப்பினரிற் பாதிப் பேர் கணினியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள். அவர்களும் எழுத உட்கார்ந்தால் குளிரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஆகவே நான் கற்கும் துறையிலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொள்வது என்று துணிந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இழையை இடையில் நிறுத்துவது எப்படி என்பதே அப்பொருள். நெசவுத் தொழிலைப் பற்றியது என்று எண்ணி ஆவலோடு படிக்கத் தொடங்கிய அன்பர்கள் மன்னிப்பாராக.

இழை என்பது என்ன? கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் ஒருவரே குடியிருப்பார். சமைப்பவரும் அவரே, உண்பவரும் அவரே. வேறு சில கூட்டுக் குடும்பங்கள். ஒருவர் மாவாட்டுவார், ஒருவர் தண்ணீர் சுமப்பார், ஒருவர் வாசலில் நின்று வருவோர் போவோரிடம் பேசுவார். எல்லாருக்கும் ஒரே அடுக்களை, ஒரே கூடம், ஒரே பத்தாயம். இப்படி ஒரே நிரலுக்குள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு, தத்தம் வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருப்பவையே இழைகள்.

கூட்டுக் குடும்பத்தில் சண்டை வராமல் இருக்கச் சாவி வேண்டும். பத்தாயத்தில் நெல் அளக்கும்போது இன்னொருவர் வந்து கையை விட்டால் கணக்குத் தப்பும். ஆகவே அளக்கப் போகிறவர் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொள்வார். அளந்து முடித்ததும் ஆணியில் மாட்டிவிடுவார். மற்றவர்கள் சாவி ஆணிக்கு வரும்வரை காத்திருப்பார்கள். கணினியிலும் இதற்குப் பூட்டு உண்டு, மியூடெக்ஸ் என்பார்கள்.

இனி ரத்து என்ற சொல்லுக்கு வருவோம். ரத்து என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது ரயில் டிக்கட்டுத்தான். பொங்கலுக்கு ஊர் போக இரண்டு மாதம் முன்னதாகவே எடுத்து, தேர்வு அட்டவணை ஒட்டப்பட்டதும் பெருமூச்சோடு ரத்துச் செய்கிறோமே, அந்த டிக்கட்டு. அதில் ஒரு வசதி, வண்டி புறப்படுமுன் ரத்துச் செய்கிறோம். இழையை ரத்துச் செய்வது அப்படி அன்று. அது நாகபுரியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலிருந்து ஒருவரை இறக்கிவிடுவது போன்றது. இறக்கத்தான் வேண்டும் என்றால் எங்கே இறக்குவது? அடுத்த நிலையத்திலா? அல்லது இந்தக் கணமே, வண்டி கிருஷ்ணா நதிப் பாலத்தின் நடுவில் இருந்தாலும் சரி என்றா?

இவ்விரண்டு வழிகளும் உண்மையிலேயே உண்டு. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களுக்கு இழைகளைப் பற்றிய பொது விதிகள் 1995-இல் வகுக்கப்பட்டன. போசிக்ஸ் என்ற தரத்தின் ஒரு பகுதி அது. அதில் பி-த்ரெட்-கேன்சல் என்று ஓர் ஏவல் இருக்கிறது. ஓர் இழை இன்னோர் இழையைப் பார்த்து ‘நீ நில்’ என்று சொல்வதற்கு அது. சொன்னவுடன் நின்றுவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அந்த ஏவல் ஒரு வேண்டுகோளைக் குறித்து வைத்துவிட்டுத் திரும்பிவிடும், அவ்வளவே. வேண்டுகோளைப் பெற்ற இழை எப்போது நிற்கும் என்பது அவ்விழையின் நிலையைப் பொறுத்தது. வேண்டுகோளுக்குச் செவியையே மூடிக்கொண்டிருக்கலாம்; அதற்கும் விதியில் இடமுண்டு. செவி திறந்திருந்தால், வழக்கமான ஏற்பாட்டில், அடுத்த ‘நிலையம்’ வரும்வரை ஓடி அங்கே இறங்கிவிடும். தூங்குவது, கோப்பைப் படிப்பது, எழுதுவது, இன்னோர் இழை முடியக் காத்திருப்பது போன்ற, நேரம் பிடிக்கக்கூடிய பல செயல்கள் இவ்வகை நிலையங்கள். எந்தெந்தச் செயல்கள் நிலையங்கள் என்று விதியிலேயே பட்டியல் இருக்கிறது.

இரண்டாவது வகை, பாலத்தின் நடுவிலும் தள்ளிவிடுவது. இதை நாடுகிறவர்களுக்கு விதி மிகக் குறைந்த சலுகையே தருகிறது. இந்த நிலையில் ஓடும் இழை அச்சமின்றி அழைக்கத்தக்க ஏவல்கள் என்று அது பொறுப்பேற்பவை மூன்றே மூன்று. அம்மூன்றும் ரத்துச் செய்வது பற்றிய ஏவல்களேயாம்! நினைவகத்தில் இடம் கேட்கும் சாதாரண ஏவல்கூட அந்தப் பட்டியலில் இல்லை. இடம் ஒதுக்கும் கணக்கைப் பாதி எழுதிய நிலையில் இழை மடிந்தால், அந்தக் கணக்கு வீட்டில் உள்ள எல்லாருக்கும் பொதுவானதாயிற்றே. கூட்டல் கழித்தல் மட்டும் செய்துகொண்டிருக்கும் இழைக்கு வேண்டுமானால் இது உதவும். மற்றபடி நான் இதைத் தொடுவதில்லை.

இவ்வளவும் பாடநூலில் உள்ளதுதான். தேர்வுக்குப் படித்தேன், எழுதினேன், மறந்தேன். இப்பொருள் எனக்கு உண்மையிற் புலப்பட்டது உலோகவியல் துறையின் உலை ஒன்றினால்.

எங்கள் மன்றத்து ஆராய்ச்சி மாணவி ஒருவர், தூத்துக்குடிக்காரர். நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்றே அழைப்போம். எஃகுத் துண்டுகளை 700 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வைத்திருந்து, உள்ளிருக்கும் கடினமான கார்பைடுகள் சிறு சிறு உருண்டைகளாக மாறுவதை ஆராய்வது அவர் வேலை. அதில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. சாதாரணக் கரிம எஃகு 727 டிகிரியைத் தாண்டினால் அதன் உள்ளமைப்பே மாறத் தொடங்கிவிடும்; பாடுபட்டு உருவாக்கிய உருண்டைகள் கரையத் தொடங்கும். 700-க்கும் 727-க்கும் இடையே உள்ள அந்த 27 டிகிரிதான் அக்காவின் பிழைப்பு.

உலையைக் கணினி ஒன்று ஆண்டது. அதற்கான நிரலை முன்பு படித்துச் சென்ற மாணவர் யாரோ எழுதி வைத்திருந்தார். ஒருநாள் மாலை, மன்றக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் அக்கா என்னிடம் வந்தார்.

“தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? ஒண்ணு பாக்கணும். நிறுத்துன்னு அழுத்தினா சில நாள் ஒழுங்கா நிக்குது. சில நாள் திரை அப்படியே உறைஞ்சு போயிடுது.”

“உறைஞ்சா என்னக்கா, ஒருதரம் அணைச்சுப் போட்டாப் போச்சு.”

“உறையறது மட்டும்னா நான் ஏன் உங்கிட்ட வர்றேன்? சில நாள் திரை உறைஞ்சாலும் உலை ஆறிடுது. சில நாள் திரை உறைஞ்சு, உலை ஏறிக்கிட்டே போகுது. போன வாரம் 20 மணி நேரம் வச்சிருந்து, நிறுத்துன்னு அழுத்திட்டுக் கை கழுவப் போனேன். வந்து பாக்கறேன், 790! அத்தனையும் போச்சு.”

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எல்லா உலோகவியலாரும் இப்படித்தானா, அல்லது தூத்துக்குடியில் மட்டும் இப்படி வளர்க்கிறார்களா என்று தெரியவில்லை. நிறுத்திய ஒவ்வொரு முறையையும் தேதியிட்டு எழுதியிருந்தார். 23 தடவை நிறுத்தியதில் 6 தடவை திரை உறைந்திருக்கிறது. அந்த ஆறில் நான்கு தடவை உலை தொடர்ந்து சூடேறியிருக்கிறது. பாதி நோய் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. எப்போதும் கெடும் நிரலைப் பிடித்துவிடலாம். நான்கில் ஒரு முறை கெடுவதைப் பிடிக்க இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்.

நிரலைத் திறந்து பார்த்தேன். சி மொழியில் எழுதப்பட்டது, லினக்ஸில் ஓடுவது. மூன்று இழைகள். ஒன்று உலையை ஆள்வது; இதை உலைக்காரன் என்போம். ஒன்று வெப்பநிலையைக் குறித்து வைப்பது, கணக்கப்பிள்ளை. மூன்றாவது திரையையும் பொத்தான்களையும் கவனிப்பது; வாயிற்காவலன். உலைக்கும் கணினிக்கும் இடையே ஒரே கம்பிதான். அதில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம். ஆகவே அதற்கு ஒரு பூட்டு.

உலைக்காரனின் வேலை பத்து விநாடிச் சுற்று. பூட்டின் சாவியை எடுப்பான். வெப்பம் எவ்வளவு என்று கேட்பான். பதிலைப் பார்த்து எத்தனை விநாடி சூடேற்ற வேண்டும் எனக் கணக்கிடுவான். ரிலேயைப் போடு என்று கம்பியில் எழுதுவான். உலைக்குள் மின்சாரம் பாயும். இரண்டு விநாடியோ மூன்று விநாடியோ தூங்குவான். எழுந்து ரிலேயை எடு என்று எழுதுவான். சாவியை ஆணியில் மாட்டுவான். சுற்றில் எஞ்சிய நேரம் மறுபடி தூக்கம். அந்த இடைவேளையில் கணக்கப்பிள்ளை சாவியை எடுத்து, வெப்பத்தைப் படித்து எழுதிக்கொள்வான்.

‘நிறுத்து’ பொத்தானை அழுத்தினால் வாயிற்காவலன் என்ன செய்கிறான்? உலைக்காரனை ரத்துச் செய்கிறான். கணக்கப்பிள்ளையை ரத்துச் செய்கிறான். இருவரும் போய்விட்டார்களா என்று காத்திருந்து பார்த்துவிட்டுத் திரையை மூடுகிறான். படிக்கும்போது ஒழுங்காகத்தான் தோன்றுகிறது.

இப்போது கூர்ந்து பாருங்கள். உலைக்காரனுக்குச் சுற்றில் இரண்டு தூக்கங்கள். இரண்டும் ரயில் நிலையங்களே. சாவியை மாட்டிவிட்டுத் தூங்கும் இரண்டாம் தூக்கத்தில் ரத்து வந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ரிலே அணைந்திருக்கிறது, சாவி ஆணியில் இருக்கிறது, அவன் கண்ணை மூடலாம். ஆனால் முதல் தூக்கத்தில் வந்தால்? ரிலே போட்டபடி இருக்கிறது. அதை எடுக்க வேண்டியவன் எழுந்திருக்கவே போவதில்லை. சாவியோ அவன் மடியில். ‘போடு’ என்று சொல்லியாயிற்று. ‘எடு’ என்று சொல்ல ஆளில்லை. உலை ஏறிக்கொண்டே போகிறது.

கணக்கப்பிள்ளையின் கதை இன்னும் பரிதாபம். சாவிக்காக ஆணியடியில் காத்து நிற்கிறான். அவனுக்கும் ரத்து வந்திருக்கிறது. ஆனால் பூட்டுக்காகக் காத்திருப்பது விதியின்படி நிலையம் அன்று! வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பூட்டு கிடைத்ததா இல்லையா என்று தெரியாத நிலையில் ஒருவனை இறக்கினால் அவனுக்குப்பின் துப்புரவு செய்வது கடினம் என்பதால். ஆகவே கணக்கப்பிள்ளை சாவி வரும்வரை இறங்க மாட்டான். சாவி என்றும் வரப்போவதில்லை. வாயிற்காவலன் கணக்கப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறான். திரை உறைந்துவிட்டது.

சில நாள் திரை உறைந்தும் உலை ஆறியது எப்படி என்று அக்கா கேட்டார். உலைக்காரன் சாவியை எடுத்து வெப்பத்தைக் கேட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் கணத்தில், அல்லது ரிலேயைப் போடு என்று எழுதப் போகும் கணத்தில் ரத்து வந்தால் அப்படி நேரும். ரிலே இன்னும் போடப்படவில்லை. சாவி மட்டும் மடியோடு போயிற்று. நோட்டுப் புத்தகத்தில் இருந்த இருவகை நோயும் ஒரே நோய்தான். 700 டிகிரியை எட்டி நிலைத்தபின் பத்து விநாடிச் சுற்றில் ரிலே போட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு விநாடி. ஐந்தில் ஒரு பங்கு. அக்காவின் கணக்கில் 23-க்கு நான்கு. என் பாடநூல் இவ்வளவு நேராக என்னிடம் பேசியதில்லை.

எழுதியவரைக் குறைகூறுவது எளிது. ஆனால் நிரலில் ஒவ்வொரு வரியும் தனியே பார்த்தால் சரியானதே. பூட்டு போட்டிருக்கிறார், திறந்திருக்கிறார்; ரிலேயைப் போட்டிருக்கிறார், எடுத்திருக்கிறார். நடுவில் ஒருவன் எழாமலே போகக்கூடும் என்பது காகிதத்தில் தெரிவதில்லை. நிரல் மேலிருந்து கீழே ஓடும் என்று நம் கண் பழகிவிட்டது. ரத்து என்பது எழுதப்படாத ஒரு வரி. ஒவ்வொரு நிலையத்திலும் ‘இங்கே முடிந்தாலும் முடியலாம்’ என்று கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதியிருக்கிறது.

இதற்கு விதியிலேயே மருந்து உண்டு. ஒவ்வோர் இழையும் ஓர் அடுக்கில், ‘நான் இடையில் போய்விட்டால் செய்ய வேண்டியவை’ என்று எழுதி வைக்கலாம். ஒரு வகை உயில். சாவியை எடுத்தவுடன் ‘சாவியை மாட்டுக’ என்று ஓர் ஓலை வைக்க வேண்டும். ரிலேயைப் போடுமுன் ‘ரிலேயை எடுக்க’ என்று அதன்மேல் இன்னோர் ஓலை. ரத்து வந்தால் கடைசியாக வைத்த ஓலையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நிறைவேற்றப்படும். முதலில் ரிலே அணையும், பிறகு சாவி ஆணிக்கு வரும். வரிசை முக்கியம். சாவியை முதலில் கொடுத்துவிட்டால் கம்பியில் வேறொருவன் பேசத் தொடங்கிவிடுவான். இந்த ஓலையை வைக்கும் வரியும் எடுக்கும் வரியும் நிரலில் ஒரே அடைப்புக்குள் சோடியாக வரவேண்டும். இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பியே ஏற்காது. நல்ல கட்டுப்பாடு என்றே நினைக்கிறேன்.

அன்றிரவே இரண்டு ஓலைகளையும் வைத்தேன். உலையை வைத்துச் சோதிக்க முடியுமா? உலைக்குப் பதிலாக ஒரு பொய் உலையை நிரலாகவே எழுதி, கம்பியின் மறுமுனையில் உட்காரவைத்தேன். இன்னொரு நிரல் மனம் போன கணத்தில் ‘நிறுத்து’ என்று அழுத்தும். இரவு முழுதும் இரண்டாயிரம் முறை. காலையில் பார்த்தால் எல்லா முறையும் ரிலே அணைந்திருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கணக்கப்பிள்ளை என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தான். அவன் வரைபடம் வரைய வெளியார் எழுதிய நிரல்தொகுதி ஒன்றைப் பயன்படுத்தினான். அதற்குள் கோப்புகள் திறக்கப்படுகின்றன, நினைவகம் கேட்கப்படுகிறது. அதை எழுதியவர்கள் தங்கள் வேலையின் நடுவே யாரேனும் ரத்துச் செய்யக்கூடும் என்று எண்ணி ஓலை வைத்தார்களா? வைக்கவில்லை. பெரும்பாலோர் வைப்பதில்லை. என் வீட்டில் நான் உயில் எழுதலாம். விருந்தாளிகள் எல்லாரையும் எழுதவைக்க முடியுமா?

இந்த ஐயம் என் ஒருவனுடையது அன்று என்பது தேடிப் படித்தபோது தெரிந்தது. ஜாவா மொழியில் தொடக்கத்தில் இழையை நிறுத்த ஸ்டாப் என்று ஓர் ஏவல் இருந்தது. 1998-இல் வெளிவந்த பதிப்பிலேயே இதைப் பயன்படுத்தாதீர் என்று அறிவித்துவிட்டார்கள். அங்கே நோய் நேர்மாறானது. ஜாவாவில் நிறுத்தப்பட்ட இழை மடியில் இருந்த சாவிகளையெல்லாம் விட்டுவிடும், யாரும் உறைவதில்லை. ஆனால் நெல் பாதி அளந்த நிலையில் பத்தாயம் திறந்து கிடக்கும். அடுத்து வருபவன் அந்தப் பாதிக் கணக்கை முழுக்கணக்கு என்று நம்பி மேலே எழுதிக்கொண்டு போவான். உறைந்த திரையாவது கண்ணுக்குத் தெரியும். தப்பான கணக்கு தெரியாது. எது கொடிது என்று பட்டிமன்றமே வைக்கலாம். 2023-இல் வந்த 20-ஆம் பதிப்பில் அந்த ஏவலை அழைத்தால் ‘இது இங்கே இல்லை’ என்ற பிழைதான் வரும் என்று செய்துவிட்டார்கள். பயன்படுத்தாதே என்பதற்கும் பயன்படாது என்பதற்கும் இடையே கால் நூற்றாண்டு!

விண்டோஸில் இழையைக் கொல்லும் ஏவல் ஒன்று உண்டு. அதைப் பற்றிய அவர்களுடைய கையேடே அதைப் பயன்படுத்தாதவாறு எச்சரிக்கிறது. ஆண்டிராய்டு கைப்பேசிகளின் அடிப்படை சி தொகுதியில் பி-த்ரெட்-கேன்சல் சேர்க்கப்படவே இல்லை. கோ மொழியில் வெளியிலிருந்து ஒரு கோருட்டீனைக் கொல்ல வழியில்லை. கான்டெக்ஸ்ட் என்பதன் வழியே ‘போதும்’ என்று தெரிவிக்கலாம், கேட்பது அதன் பொறுப்பு. சி பிளஸ் பிளஸ் மொழியின் 2020-ஆம் ஆண்டுத் தரத்திலும் இதே போக்கு. இழையின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுகிறார்கள், நிற்கும்படி கேட்டிருக்கிறார்களா என்று அவ்விழை தானே அவ்வப்போது சீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெவ்வேறு ஊர்க்காரர்கள், வெவ்வேறு காலத்தில், சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நானும் அதே வழியை மேற்கொண்டேன். ரத்தை எடுத்துவிட்டு ஒரு கொடி வைத்தேன். பொத்தானை அழுத்தினால் கொடி ஏறும். உலைக்காரனும் கணக்கப்பிள்ளையும் தங்கள் வேலையின் இசைவான இடத்தில் கொடியைப் பார்ப்பார்கள். ஏறியிருந்தால் ரிலேயை அணைத்து, சாவியை மாட்டி, கோப்பை மூடி, தாமே வெளியேறுவார்கள். கொடி சாதாரண எண்ணாக இருத்தல் கூடாது. சாதாரண எண்ணானால், மொழிபெயர்ப்பி தன் கெட்டிக்காரத்தனத்தால் அதை ஒருமுறை பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு, மறுமுறை தலையைத் தூக்கியே பார்க்காமல் போகலாம். இழைகளுக்கிடையே பகிர்வதற்கென்று 2011-ஆம் ஆண்டின் சி தரத்தில் தனிவகை எண்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கொண்டேன்.

இவ்வழிக்கும் குறையுண்டு. தூங்குகிறவனுக்குக் கொடி தெரியாது. ஆகவே வெறுந்தூக்கத்தை எடுத்துவிட்டு, குறித்த நேரம்வரை தூங்கும், ஆனால் தட்டினால் எழும் வகையான காத்திருப்பை வைத்தேன். கொடியை ஏற்றுகிறவன் தட்டியும் விடுவான். கம்பியில் பதிலுக்காகக் காத்திருப்பவனுக்கும் இதே தொல்லை. உலைப்பெட்டியின் கம்பி கழன்றுவிட்டால் பதில் வரவே வராது. அவன் கொடியைப் பார்க்கவே மாட்டான். அங்கே அரை விநாடிக்குமேல் காத்திருக்காதே என்று வரம்பு வைத்தேன். ரத்து என்ற ஏவலை முற்றிலும் பழிப்பவர்களோடு எனக்கு இந்த இடத்தில்தான் கருத்து வேறுபாடு. காத்திருக்கும் ஒருவனை எழுப்பும் ஆற்றல் ரத்துக்கு இயற்கையாகவே உண்டு. கொடிக்கு அதை நாம் கையால் செய்து சேர்க்க வேண்டியிருக்கிறது. வரம்பே வைக்க முடியாத காத்திருப்பு இருந்தால், ஓலைகளோடு கூடிய ரத்தையே நான் நாடுவேன்.

பூட்டைப் பிடித்தபடி தூங்கும் பழக்கத்தையும் மாற்றினேன். அது தனிக்கதை, வேண்டாம்.

இந்த வேலையெல்லாம் முடிய மூன்று வாரம் ஆயிற்று. ஒருநாள் உலையருகே அமர்ந்து வெப்பம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அக்காவுக்கு ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். முகம் சரியாக இல்லை.

“அப்பா. படிச்சது போதும், வந்துடுங்கறாரு. அஞ்சு வருஷம் ஆச்சுல்ல? அவரு சொல்றதும் தப்பில்ல, அம்மாக்கு முன்ன மாதிரி முடியல.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? சற்றுப் பொறுத்து அவரே பேசினார்.

“இதத்தானே மூணு வாரமா நீ எங்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கே? நில்லுன்னு சொல்றவங்களுக்குச் சொல்ற உரிமை இருக்கு. எந்த இடத்துல நின்னா எது கெடாதுன்னு ஓடறவளுக்குத்தான் தெரியும். இப்பப் போனா எட்டுத் துண்டு பாதியில நிக்கும். கைடுக்கும் தெரியாது, அப்புறம் வர்ற பொண்ணுக்கும் தெரியாது. மார்ச்சுல முடிச்சு, எல்லாத்தையும் எழுதிவச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டேன்.”

“அப்பா என்ன சொன்னாரு அக்கா?”

“சரின்னு சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. ஃபோன அம்மாகிட்ட குடுத்துட்டாரு.”

அதற்குள் உலை 700-ஐ எட்டியது. அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நேரத்தைக் குறித்தார்.

எட்டுத் துண்டுகளும் பிப்ரவரி முடிவதற்குள் ஆயின. ஏழு நல்லபடி வந்தன. ஒன்று மின்தடையால் கெட்டது. அதற்கு இழைகள் பொறுப்பல்ல. மார்ச்சு இரண்டாம் வாரம் அக்கா ஊருக்குப் போனார். உலையை எப்படி ஏற்றுவது, எந்தத் துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த அளவீட்டை இன்னும் ஒருமுறை எடுத்தால் நல்லது என்று நாற்பது பக்கம் எழுதி வைத்துவிட்டுத்தான் வண்டியேறினார். அலமாரிச் சாவியை மறக்காமல் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டாரா என்று ரயில் நிலையத்தில் நான் கேட்டபோது, தலையில் ஒரு குட்டு வைத்தார். ஆய்வேட்டின் எழுத்து வேலையை வீட்டிலிருந்தபடி செய்கிறார். அம்மாவுக்கு இப்போது பரவாயில்லையாம்.

உலைக்கு இப்போது பீகாரிலிருந்து வந்த புதிய மாணவி ஒருவர் பொறுப்பு. பொத்தானை அழுத்திய ஒரு விநாடிக்குள் உலைக்காரன் ரிலேயை அணைத்துவிடுகிறான். ஆனால் கணக்கப்பிள்ளை வரைபடத்தை முடித்துக் கோப்பை மூட மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொள்கிறான். அந்த இடைவெளியில் பொறுமையிழந்து பொத்தானை ஆறேழு முறை அழுத்துகிறார் என்று கேள்விப்பட்டு, ‘ஒருமுறை அழுத்தினால் போதும், கேட்டுவிட்டது, வேலையை முடித்துக்கொண்டிருக்கிறது’ என்று இந்தியில் ஒரு சீட்டு எழுதித் திரையின் கீழே ஒட்டிவிட்டு வந்தேன். என் இந்தியில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. அவர் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார்.